பல்லுக்கார மாப்பிள்ளை

மாப்பிள்ளை நூல்கண்டைக் கையில் எடுத்ததும் ஃபோர்மேனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முப்பத்தெட்டு வருடம் லேத் பட்டறையில் கிடந்தவர். வேலையை விட்டுப் பத்து வருடமாகியும் தெருவில் எல்லோருக்கும் அவர் ஃபோர்மேன்தான். அவர் கண்ணெதிரே, அவருடைய எஃகு சைக்கிளை, கார் ஷெட்டில் தலைகீழாக நிறுத்தி, ஒரு மனிதன் தையல் நூலால் அளவெடுக்கிறான். புதுச் சக்கரத்தின் அச்சு நாலு மில்லிமீட்டர் கூடுதல் அகலமாம், பழைய ஃப்ரேமுக்குள் நுழையாதாம். அதனால் மரை போட்ட கம்பி ஒன்றை ஃப்ரேமின் பின்கால்கள் இரண்டுக்கும் நடுவே கொடுத்து, நட்டைத் திருகித் திருகி விரிக்கிறானாம். விரிக்கட்டும். ஒரு பக்கம் கூடுதலாக வளைந்து தொலைந்தால் சக்கரம் ஜென்மத்துக்கும் கோணல்தான். அப்போது பேசிக்கொள்ளலாம் என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

மாப்பிள்ளைக்குத் தொழில் பொய்ப்பல் செய்வது. பல் டாக்டர் என்றாலாவது நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளலாம். டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் ஏதோ ஒரு மாடியறையில் குனிந்து உட்கார்ந்து மெழுகைச் சுரண்டிக்கொண்டிருப்பார். இரும்பைத் தொட்டறியாத கை. மகள், அவருடைய பாப்பா, எதைப் பார்த்து மயங்கினாளோ! ஏழு வருடமாக முகத்துக்கு நேரே "வாங்க மாப்ள, உக்காருங்க மாப்ள" என்பதில் ஃபோர்மேன் ஒரு குறையும் வைத்ததில்லை. மனசுக்குள் மட்டும் அவன், இவன், சில நாள் அதற்கும் கீழே.

இந்தச் சைக்கிள் விவகாரமே ஃபோர்மேனுக்குப் பிடிக்கவில்லை. கியர் மாற்றும் லீவர்கள் ஃப்ரேமின் சாய்ந்த குழாயில் இருக்கிற அந்தக் காலத்து வண்டி. கியர் மாற்ற வேண்டுமென்றால் வலது கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்துக் கீழே கொண்டுபோக வேண்டும். அந்த நேரம் வண்டி இடது கையின் பொறுப்பு. மூன்று மாதத்துக்கு முன் ஒரு திருப்பத்தில் விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு வந்தார். நாய் குறுக்கே வந்துவிட்டது என்றார். இன்னொரு தடவை விழுந்தால் சைக்கிள் இந்த வீட்டில் இருக்காது என்று மகள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் செய்கிறவள்.

நாயும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. ஒரு வருடமாக அவருடைய இடது கை நடுங்குகிறது. யாருக்கும் தெரியாது, சாப்பிடும்போது அதைத் தொடைக்கடியில் வைத்துக்கொள்வார். விழுவதற்கு முன்பிருந்தே லீவரைத் தொடுவதை அநேகமாக விட்டுவிட்டார். அன்றைக்குத் தொட்டார், விழுந்தார். மேடோ பள்ளமோ, ஒரே கியரில் மூச்சு வாங்க மிதிப்பார். காலையில் ஏரிக்கரை வரை போய்த் திரும்பும் அந்த ஒன்றரை மணி நேரத்தையும் பிடுங்கிக்கொண்டால் அவருக்கு மிச்சமிருப்பது நாற்காலியும் டிவியும்தான். இப்படியிருக்கும்போது மாப்பிள்ளைக்குத் திடீர்ப் பாசம் பொங்கி, மாமா வண்டிக்குப் புதுச் சாமான் போட்டுத் தருகிறேன் என்று கிளம்பினால் எரியுமா எரியாதா?

வந்த சாமானும் லட்சணம்தான். கறுப்பு நிறத்தில் கொழகொழவென்று இரண்டு ரப்பர் கைப்பிடிகள். பிரேக்கும் அதிலேயே, கியரும் அதிலேயே. பெடல் பக்கம் இரண்டு பல்சக்கரம் இருந்த இடத்தில் ஒன்றே ஒன்று. இரண்டு இருந்ததே என்று கேட்டதற்கு, ஒன்று போதும் மாமா என்று பதில். ஆர்டர் போடும்போது மறந்திருப்பான், மழுப்புகிறான் என்று சமையலறையில் மகளிடம் சொல்லி, அப்பாவும் மகளுமாகச் சிரித்துத் தீர்த்தார்கள்.

மாப்பிள்ளை கை கழுவப் போன நேரத்தில் ஃபோர்மேன் எழுந்துபோய், ஃப்ரேமைச் சுற்றிக் கட்டியிருந்த நூலுக்கும் சீட்டுக் குழாய்க்கும் உள்ள இடைவெளியைத் தானே ஸ்கேல் வைத்துப் பார்த்தார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே அளவு. மறுபடி பார்த்தார். அதேதான். ச்சே என்றிருந்தது, ஸ்டூலுக்கே திரும்பினார்.

திரும்பி வந்த மாப்பிள்ளை, பழைய பின்சக்கரத்திலிருந்து கழற்றிய ஆறு பல்சக்கர அடுக்கை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"என்ன மாப்ள, பல்லை எண்ணுறீங்களா?" குத்தலாகத்தான் கேட்டார்.

"போன வருஷம் மாத்தினதுதானே மாமா இது? அஞ்சு சக்கரம் புதுசு மாதிரியே இருக்கு. மூணாவது மட்டும் கொக்கி கொக்கியா தேஞ்சிருக்கு. போன மாசம் எண்ணெய் விட்டப்பவே பாத்தேன்."

"அது எனக்குப் புடிச்ச கியர்."

மாப்பிள்ளை தலை நிமிரவில்லை. துணியால் அதைத் துடைத்துக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார். "எங்ககிட்ட வர்ற அச்சுலயும் இப்படி இருக்கும் மாமா. ஒரு பக்கத்துப் பல்லு மட்டும் தேஞ்சிருக்கும். அப்படின்னா இன்னொரு பக்கம் வலி. டாக்டர்கிட்டகூட சொல்லியிருக்க மாட்டாங்க."

ஃபோர்மேனுக்குக் காது சுட்டது. இடது கையைத் தொடைக்கடியில் தள்ளிக்கொண்டார்.

"பாப்பாகிட்ட சொல்லியாச்சா?"

"எதை மாமா?"

கிண்டல் தெரிகிறதா என்று முகத்தைப் பார்த்தார். ஒன்றுமில்லை. மாப்பிள்ளை வலது கைப்பிடியை ஒரு விரலால் தட்டிக் காட்டினார். "கியர் மொத்தமும் இதுலயே. கையை எடுக்கவே வேணாம். இடது பக்கம் பிரேக் மட்டுந்தான்."

முன்னால் ஒரு சக்கரம் ஏன் குறைந்தது என்று அப்போதுதான் உறைத்தது. இரண்டு இருந்திருந்தால் இடது கைக்கும் ஒரு கியர் வேலை வந்திருக்கும். போயும் போயும் இவனிடம் மாட்டிக்கொண்டோமே என்று ஃபோர்மேனுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஊரில் வேறு யார் கண்டுபிடித்திருந்தாலும் பரவாயில்லை. ஏழு வருடமாகப் பொத்திப் பொத்தி வளர்த்த இளக்காரம். அதை இனி எங்கே கொண்டுபோய் வைப்பது?

வண்டி தயாராகி நின்றபோது மகள் இறங்கி வந்தாள். பெடல் பக்கம் குனிந்து பார்த்தவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அப்பா சொன்னது சரிதான். ஒண்ணை வாங்க மறந்துட்டீங்கல்ல? ஒரு வேலையாவது உருப்படியா செய்ய மாட்டீங்களா?"

"ஆமா, ஆர்டர் போடறப்ப விட்டுப்போச்சு," என்றார் மாப்பிள்ளை. சொல்லிவிட்டுத் தரையில் கிடந்த நட்டுகளைப் பொறுக்க உட்கார்ந்துவிட்டார்.

மகள் அப்பாவைப் பார்த்தாள், வழக்கம்போல் அவரும் ஒன்று சேர்த்துப் போடுவார் என்று. அது அப்படியில்லை பாப்பா என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. ஏன் அப்படியில்லை என்று அடுத்த கேள்வி வரும். கையைக் காட்ட வேண்டும். சைக்கிள் போகும்.

"விடு பாப்பா," என்றார். அவ்வளவுதான் வந்தது. வெட்கங்கெட்ட வாய் என்று தன்னையே வைதுகொண்டார்.

வண்டியைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போய் ஏறினார். பின்னால் மகள் இன்னும் புருஷனைக் கேலி செய்துகொண்டிருப்பது காதில் விழுந்தது. மேட்டில் ஒரு விரலை அழுத்தினார். சங்கிலி சத்தமில்லாமல் பின்னால் பெரிய பல்சக்கரத்துக்கு ஏறியது. இடது கை கறுப்புக் கைப்பிடியின் மேல் நடுங்கிக்கொண்டே வந்தது. தெருமுனை வரை நடுங்கியது. வண்டி நேராகவே போய்க்கொண்டிருந்தது.