மூடிய ஷெட்

வைகாசிக் கடைசியில் எங்கள் நாமகிரிப்பேட்டைப் பக்கம் காற்று கிளம்பிவிடும். காற்றாலை ஓடுகிறது, இனிக் கரண்டுக்குப் பஞ்சமில்லை என்று ஊரே சந்தோஷப்படும். எனக்கு அந்த மாதங்களில்தான் பயம். விளக்கு திடீரென்று பளிச்சென்று எரியும், கண் மூடித் திறப்பதற்குள் மங்கும்.

எங்களுடையது நாலு பக்கமும் படுதா போட்டு மூடிய கறிக்கோழி ஷெட். ஒரு கோடியில் இருக்கும் பெரிய ஃபேன்கள்தான் உள்சூட்டை வெளியே இழுத்துத் தள்ள வேண்டும். அவை நின்றால் கொஞ்ச நேரத்தில் கோழி எல்லாம் வெந்துபோகும். அதற்காகவே ஜெனரேட்டர் வைத்திருந்தோம். கூரையில் சோலார் போட்டதும் என் வீட்டுக்காரர் அன்பழகன் அந்த ஜெனரேட்டரை விற்றுவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"வெயிலு இருக்கற வரைக்கும் கரண்டு நம்மூட்டுது புள்ள" என்று ஒரே பெருமை.

அன்று உச்சி வெயிலில் எல்லா ஃபேனும் ஒன்றாக நின்றன. மேலே வெயில் கொளுத்துகிறது, சோலார் இன்வெர்ட்டரில் சிவப்பு விளக்கு எரிகிறது. துணை மின்நிலையத்தில் வேலை பார்க்கும் உஷாராணிக்குப் போன் போட்டேன்.

"தெக்க பெரிய லைன்ல மரம் உளுந்துருச்சுங்க்கா. காத்தாலைங்க மொத்தமா லைனை உட்டுக் கழண்டுக்கிச்சு. லைன் ஆட்டங்கண்டா உங்க சோலாரும் கழண்டுக்குமுங்க. லைனைப் பாத்துத்தான் அது ஓடும், தனியா நிக்காது."

கரண்டு வந்தது. ஃபேன்கள் ஒரு சுற்றுச் சுற்றி நின்றன. மறுபடி வந்தது, மறுபடி போனது.

"வந்துருச்சு பாரு. செத்த பொறு" என்றார் என் வீட்டுக்காரர், ஒவ்வொரு தடவையும்.

உள்ளே கோழிகள் வாயைப் பிளந்து இறக்கையை அகட்டி நின்றன. சத்தமே இல்லை. அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை. வெளியே தென்னை மட்டைகள் சடசடவென்று அடித்துக்கொண்டன. அத்தனை காற்றுக்கும் கோழிக்கும் நடுவே இருந்தது பக்கவாட்டுப் படுதா மட்டும்தான். அரிவாளை எடுத்தேன்.

"கிறுக்கா உனக்கு? கிழிச்சுட்டா அந்த ஓட்டை வழியாக் காத்து பூந்துரும், கரண்டு வந்தாலும் ஃபேன் உள்சூட்டை இழுக்காது. அத்தனையும் போயிரும்!" குறுக்கே வந்து நின்றார்.

அவர் சொன்னதும் உண்மைதான்.

"வராத கரண்டை நம்பி எத்தனை நேரமுங்க நிக்கறது? தள்ளுங்க."

மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. காற்று என் முந்தானையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே பாய்ந்தது. கிட்டத்தில் இருந்த கோழிகள் தலையைத் தூக்கின. அவர் ஒரு கணம் பார்த்தார். பிறகு எதிர்ப்பக்கம் ஓடி வெறுங்கையாலேயே படுதாவைக் கிழித்தார். ஃபேன் ஓரம் சாய்ந்து கிடந்தவை எழவேயில்லை. நான் வாய்விட்டு அழுதேன். மற்றவை பிழைத்தன.

வெயில் தாழக் கரண்டு வந்து நிலைத்தது. ஃபேன்கள் இரைந்தன, கிழிந்த படுதா படபடத்தது. அவர் சுவிட்ச்சில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"மலரு, ஓடட்டுமா, நிறுத்தீரட்டுமா?"

"ஓடட்டுமுங்க, இழுக்கற வரைக்கும் இழுக்கட்டும்" என்றேன். "இப்பிடி ஒரு வார்த்தை, ஜெனரேட்டரை வித்து ஏத்தி உட்ட அன்னைக்கே என்னையக் கேட்டிருக்கலாம்."