மீன்கொத்திக்குக் கொடுத்த தண்ணீர்

சமையலறை ஜன்னல் கண்ணாடியில் மோதி விழுந்த மீன்கொத்தியை அக்காதான் முதலில் பார்த்தாள். கூப்பிட்டாள். நான் காதில் விழாத மாதிரி படுத்திருந்தேன். விடுமுறை நாள், வயிறு முட்டச் சாப்பிட்டிருக்கிறேன், ஒரு பறவைக்காக எழுந்து ஓட எனக்கென்ன தலையெழுத்தா?

"டேய், உயிர் இருக்குடா. எந்திரி!"

அந்த அதட்டலைக் கேட்டதும் எழுந்துவிட்டேன். மாமா போன பிறகு அக்கா குரலை உயர்த்தியதே இல்லை. பக்கவாதத்தில் விழுந்த மாமாவை ஒன்றரை வருடம் தனி ஆளாகப் பார்த்துக்கொண்டவள் அவள். கடைசியில் நெஞ்சில் சளி கட்டி அவர் போய்ச் சேர்ந்தார். அதன்பின் என் வீட்டுக்கு வந்தவள், கேட்டால் பதில், போட்டால் சாப்பாடு என்று கிடந்தாள். யாராவது துக்கம் விசாரித்தால் மட்டும், "ஒரு நாள் கூட அவரைத் தாகத்துல தவிக்க விடலை" என்பாள். அவளுக்கு மிஞ்சியிருந்தது அந்த ஒரு நிம்மதிதான்.

பறவைக்கு இடது இறக்கை தொங்கிப்போயிருந்தது. நான் துண்டில் சுற்றிப் பிடித்தேன். பிடிக்கத் தெரியாமல் பிடித்து நாலு கொத்தும் வாங்கினேன். அக்கா தன் பெட்டியைத் திறந்து ஊசியில்லாத சிரிஞ்சு ஒன்றை எடுத்து வந்தாள். மாமாவுக்குக் கஞ்சியும் தண்ணீரும் கொடுத்த சிரிஞ்சு.

"மல்லாக்கப் படுக்க வை. அலகை நான் திறக்கறேன்."

துளிகூடக் கை நடுங்காமல் தண்ணீரை உள்ளே செலுத்தினாள். பறவை உடலை உதறியது. மூக்கில் நுரை வந்தது.

"பாவம், எவ்வளவு தாகம் பாரு" என்று இன்னும் கொஞ்சம் கொடுத்தாள்.

நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவன். ஃபிரேம் வந்த அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, பறவையை அதில் வைத்து, பஸ் ஏறினோம். அக்கா வழியெல்லாம் பேசினாள். என் தொப்பையைக் கிண்டல் செய்தாள். "இது பிழைச்சா உன்னை விட சுறுசுறுப்பா இருக்கும்" என்றாள். இந்தப் பறவை மட்டும் பிழைத்துவிட்டால் அக்காவும் பிழைத்துவிடுவாள் என்று நினைத்தேன். சாமி கும்பிடாத நான் மனதுக்குள் வேண்டிக்கொள்ளவும் செய்தேன்.

பறவைகளுக்கான ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா சின்னப் பெண். ஸ்டெதஸ்கோப்பை வைத்ததுமே முகம் மாறிவிட்டது.

"யார் தண்ணி ஊத்தினது?"

"நான்தான்" என்றேன்.

"அவன் இல்லம்மா. நான்."

"இறக்கையைக் கட்டிச் சரி பண்ணிருக்கலாம். தண்ணி நுரையீரலுக்குப் போயிருச்சு. நல்லது பண்றோம்னு எல்லாரும் இதைத்தான் பண்றாங்க."

ஆக்சிஜன் வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் வாய் திறந்தபடியே பறவையின் மூச்சு நின்றுவிட்டது. அக்கா அழவில்லை. மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தவள் மெதுவாகக் கேட்டாள்.

"படுத்த படுக்கையா இருக்கற மனுஷனுக்கும் இப்படி ஆகுமா?"

நான் கண்ஜாடை காட்டுவதற்குள், கையுறையைக் கழற்றிக்கொண்டே அந்தப் பெண் சொல்லிவிட்டார்.

"ஆகுமே. விழுங்க முடியாதவங்களைப் படுக்க வெச்சு ஊத்தினா நெஞ்சுலதான் போய்த் தங்கும்."

அந்தப் பெண்ணை அடித்துவிடலாம் போல இருந்தது. அவர் மேல் என்ன தப்பு? அவருக்கு எங்களைத் தெரியாது.

வெளியே வந்ததும் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "அது பறவை டாக்டர்க்கா. மனுஷங்களைப் பத்தி அதுக்கு என்ன தெரியும்? மாமாவுக்கு இருந்தது வெறும் சளி."

அக்கா பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தாள். என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தலையை அந்தப் பக்கம் திருப்பிக்குவாருடா. வாய் பேச முடியாதே, வேற எப்படிச் சொல்வாரு? அடம் பிடிக்கறாருன்னு நினைச்சேன். தாடையை இறுக்கிப் பிடிச்சு, திட்டிக்கிட்டே ஊத்தினேன்டா."