அழகேசனின் சத்து மாத்திரை

தம்பி கிருபாகரனின் முகத்தைப் பார்த்தாலே அழகேசனுக்கு வயிறு எரியும். போன ஆடித் திருவிழாவுக்குப் பிறகு முகம்கூட வேண்டாம், குரல் கேட்டாலே எரிந்தது. ஒரே தெரு, எதிரெதிர் வீடு. அவன் வாசலில் பைக்கை உதைத்துக் கிளப்பினால் போதும், இவர் இங்கே காப்பி டம்ளரை டொக்கென்று வைப்பார்.

காரணம் இல்லாமல் இல்லை. கள்ளிக்குப்பத்து அம்மன் பல்லக்கின் முன் தண்டுக்கு வலது தோள் கொடுப்பது அவர்கள் வீட்டு மூத்தவனின் உரிமை. வயலெல்லாம் கைமாறி அதன்மேல் ஃபிளாட்டுகள் எழும்பிவிட்டன. அந்தத் தோள் ஒன்றுதான் மிச்சம். அப்பா போன பிறகு அழகேசன்தான் தூக்கிக்கொண்டிருந்தார். போன வருஷம் ரேஷன் கடைத் திருப்பத்தில் முழங்கால் மடங்கிவிட்டது. பல்லக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்தது, ஜனங்கள் "தாயே!" என்று அலறினார்கள். பின்னால் நின்ற கிருபாகரன் பாய்ந்து வந்து தோள் கொடுத்துத் தாங்கினான். தாங்கினவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தானா? ஃபிளாட்காரர்கள் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருக்க, தெருவே கேட்கும்படி கத்தினான்.

"வயசாயிட்ச்சின்னா ஒத்துக்கினு ஒதுங்கிக்கணும்ணா! சாமியத் தூக்கிகினு இன்னா வெளாட்டு?"

ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். இன்னும் ஒரு வருஷம் பார்ப்போம், அழகேசன் தூக்கினால் சரி, இல்லையென்றால் முன் தண்டு இனி கிருபாகரன் வீட்டுக்குத்தான் என்று முடித்துவிட்டார்கள். அன்றைக்கே அழகேசன் சபதம் எடுத்தார். செத்தாலும் தண்டைத் தம்பிக்கு விடுவதில்லை. வயசாகிவிட்டது என்ற சொல்லைத் தன் வாயால் சொல்வதும் இல்லை.

அம்பத்தூர் ஏரிக்கரையில் நடக்கப் போகும்போது ராஜசேகரன் பழக்கமானார். ரிட்டையர் ஆகி ஃபிளாட்டில் மகனோடு இருப்பவர். இவரைவிட மூத்தவர், ஆனால் நடையில் காற்று மாதிரி போவார்.

"கோஎன்சைம் க்யூ டென் சார்," என்று செல்போனில் டப்பாவின் படத்தைக் காட்டினார். "நம்ம உடம்பே செய்யற சரக்குதான். வயசு ஏற ஏறக் குறைஞ்சுடும். வெளியிலேருந்து போட்டுக்கிட்டா ஹார்ட்டுக்கு, காலுக்கு எல்லாத்துக்கும் தெம்பு."

அழகேசன் நேராகத் தன் பிரஷர் டாக்டரிடம் போய் எழுதித் தரச் சொன்னார். டாக்டர் மறுத்துவிட்டார். "இதைப் போட்டா தெம்பு வரும்னு நான் உறுதி சொல்ல மாட்டேன். உங்களுக்கு இது தேவையில்லை. பிரஷர் மாத்திரை வேற சாப்பிடறீங்க. நடங்க, படி ஏறுங்க, போதும்."

"இவனுக்கு இன்னா தெரியும்?" என்று படி இறங்கும்போதே டாக்டரைத் திட்டித் தீர்த்தார். வீட்டுக்கு வந்ததும் மருமகள் நிஷாவைக் கூப்பிட்டார். நிஷா திருச்சிப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமனார் அவளிடம் உத்தரவு போட்டிருக்கிறாரே தவிரப் பேசியதில்லை.

"போன்ல இத்த வாங்கு," என்று ராஜசேகரன் அனுப்பிய படத்தைக் காட்டினார்.

"இதே சத்துல வேற கம்பெனியும் இருக்கு மாமா. எது நல்லதுன்னு பாக்கட்டுமா?"

"சொன்னத்த வாங்கு. உன்னை யோசனையா கேட்டேன்?"

அவள் வாங்கிக் கொடுத்துவிட்டாள். மெதுமெதுவென்று ஆரஞ்சு நிறத்தில் உருண்டை மாத்திரை. தினமும் மதியச் சாப்பாட்டோடு ஒன்று. கூடவே அரிசி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறி இறங்கினார். மாசங்கள் போகப் போகத் தோள் இறுகியது, மூச்சு வாங்குவது குறைந்தது. மூட்டை தூக்கித் தூக்கி வந்த பலமாகக்கூட இருக்கலாம். ஆனால் அவரிடம் போய் அதைச் சொல்ல யாருக்குத் துணிச்சல்? மாத்திரை, மாத்திரை என்று அதற்கே புகழ் பாடினார்.

ஆடி பிறந்தது. பூசாரி அழகேசன் கையில் மஞ்சள் கயிற்றைக் கட்டிக் காப்புப் போட்டார். காப்புக் கட்டியவன் வீட்டில் கறி, மீன், முட்டை எதுவும் நுழையக்கூடாது. வாயில் பட்டால் அம்மனைத் தொடக்கூடாது. போன வருஷம் கால் மடங்கியதே வீட்டில் யாரோ செய்த தீட்டால்தான் என்று அழகேசன் மனசுக்குள் முடிவு கட்டியிருந்தார். அதனால் இந்தத் தடவை போலீஸ் வேலை பார்த்தார். பிஸ்கட்டோ நூடுல்ஸோ, வீட்டுக்குள் வரும் எந்தப் பாக்கெட்டையும் கண்ணாடி போட்டுக்கொண்டு திருப்பிப் பார்ப்பார். சைவம் என்று பச்சைப் புள்ளி இருந்தால் உள்ளே, அசைவம் என்று பழுப்பு முக்கோணம் இருந்தால் வெளியே.

பேத்தி வர்ஷாவின் பிறந்தநாள் அந்த நேரம் பார்த்து வந்தது. கேக் வந்து இறங்கியது. அழகேசன் பெட்டியைத் தூக்கி அடியைப் பார்த்தார். பழுப்பு முக்கோணம். மெழுகுவத்தியோடு அப்படியே தெருமுனைக்குக் கொண்டுபோய்க் குப்பைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு வந்தார். குழந்தை வீறிட்டு அழுதாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் ஃபிரெண்டு வீட்டுல வச்சு வெட்டியிருப்பேனே மாமா," என்றாள் நிஷா. அவள் குரல் நடுங்கியது. "புள்ள கண்ணு முன்னாடியா குப்பைல கொட்டுவாங்க?"

"காப்புக் கட்ன ஊட்ல முட்டையா? உங்க ஊர்ல சாமின்னு ஒண்ணு கீதா, இல்லியா? படிச்சா மட்டும் போதுமா, ஒரு சுத்தபத்தம் வேணாம்?"

மகன் விஷால் ஆபீஸ் வேலையாகக் காதில் மாட்டியிருந்த ஹெட்போனை ஒரு பக்கம் நகர்த்திப் பார்த்தான். பிறகு திரும்ப மாட்டிக்கொண்டான். நிஷா அதற்குப் பிறகு மாமனாரிடம் வாயே திறக்கவில்லை. சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள், அவ்வளவுதான். அடங்கிவிட்டாள் என்று அழகேசன் சந்தோஷப்பட்டார்.

திருவிழாவும் வந்தது. காலையிலேயே குளித்து, மஞ்சள் வேட்டி கட்டி, நெற்றி நிறையக் குங்குமம் வைத்துக்கொண்டார். கோயில் பக்கம் பம்பைச் சத்தம் கேட்டது. இன்றைக்கு முன்கூட்டியே ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு போகலாம் என்று அலமாரியைத் திறந்தால் டப்பாவைக் காணோம்.

"இதோ இருக்கு மாமா."

நிஷா எதிரே நின்றாள். டப்பாவை அவர் கையில் வைத்து, பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள்.

"எல்லாத்தையும் திருப்பித் திருப்பிப் பாத்தீங்களே. இதையும் பாருங்க."

கண்ணாடியைத் தேடி மாட்டினார். பொடி எழுத்துகளுக்கு நடுவே சதுரம், அதற்குள் பழுப்பு முக்கோணம்.

"மேல்தோலு ஜெலட்டின் மாமா. மிருகத்தோட எலும்பு, தோலு வேகவச்சு எடுக்குறது."

காப்புக் கட்டிய கையாலேயே தினமும் எடுத்து விழுங்கியிருக்கிறார்! "மருந்துதானே," என்றார். "மருந்துக்கு தோஷம் இல்ல."

"டாக்டர் குடுத்தாரா?"

வேண்டாம் என்றுதானே அந்த மனுஷன் சொன்னார்.

"உனுக்கு எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"கேக்கைக் கொட்டுன அன்னிக்கிப் பாத்தேன்."

"அன்னிக்கே சொல்லக்கூடாதா, பாவி!"

"என்னை யோசனை கேட்டீங்களா?" என்றாள். அவள் குரல் இப்போது நடுங்கவே இல்லை. "பயப்படாதீங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். போய்த் தூக்குங்க."

வாசலில் கூப்பிட வந்துவிட்டார்கள். அழகேசன் போனார். எப்படி நடந்தார் என்று அவருக்கே தெரியாது. பல்லக்கில் அம்மன் சிவப்புப் பட்டில், கண்மை எழுதிய பெரிய கண்களோடு உட்கார்ந்திருந்தாள். பின் தண்டுப் பக்கம் கிருபாகரன் நின்றுகொண்டு இவர் முழங்காலையே பார்த்தான். அந்தப் பார்வைக்காகவே தூக்கிவிடலாம் என்று ஒரு வெறி வந்தது. யாருக்குத் தெரியப்போகிறது?

"தூக்கு!" என்றார் பூசாரி.

குனிந்து வலது தோளைக் கொடுத்தார். தோள் கல்லாக இருந்தது, முழங்கால் துளிகூட ஆடவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு அவர் அம்மனை ஆவடி வரைக்கும்கூடச் சுமந்திருப்பார். ஆனால் பல்லக்கு எழும்பும் முன் திரும்பிப் பார்த்தபோது அம்மனின் அந்தக் கண்கள் நேராக இவரைப் பார்த்தன. வாய்க்குள் அந்த ஆரஞ்சு உருண்டை இன்னும் கிடப்பதுபோல் இருந்தது. தோளை எடுத்துவிட்டார்.

மஞ்சள் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தார். பூசாரியின் தட்டில் போட்டார். பம்பை நின்றுவிட்டது.

"டேய் கிருபா," என்று கூப்பிட்டார். ஒரு வருஷத்தில் தம்பியிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். "வந்து புடி. இனிமே உனுக்குத்தான்."

கிருபாகரன் முன்னால் வந்தான். அவன் உதட்டோரத்துச் சிரிப்பு எல்லாருக்கும் தெரிந்தது.

"இன்னாண்ணா, முடியலியா?"

காரணம் நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் தீர்ந்தது. காப்போடு எலும்பு தின்றவன் என்று பேரன் பேத்தி காலம் வரை ஊர் காறித் துப்பும். கோயிலுக்கு எதிரே ஒரு வீட்டு நிழலில் நிஷா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். கண் இமைக்காமல் இவரையே பார்த்தாள்.

"ஆமாண்டா," என்றார் அழகேசன், தெருவே கேட்கும்படி. "வயசாயிட்ச்சி."