வரவேற்பறை மீன்கள்

மீன்தொட்டித் தண்ணீர் பளிங்கு மாதிரி தெளிவாக இருந்தது. அப்படி இருக்கவே கூடாது.

எங்கள் சாயப்பட்டறையின் வரவேற்பறையில் இருக்கிற அந்தத் தொட்டியில், சாயக்கழிவைச் சுத்திகரித்து எடுத்த தண்ணீரைத்தான் ஊற்றுவோம். அது இலேசான மஞ்சளாக இருக்கும். சுத்திகரிப்பு என் பொறுப்பு. லாபத்தையெல்லாம் விழுங்குகிற பூதம் என்று அதைக் கரித்துக் கொட்டிய அண்ணன், அந்த மீன்களைப் பார்த்துவிட்டு ஒரு பெரிய துணிக் கம்பெனி ஆர்டர் கொடுத்த பிறகுதான் வாயை மூடினான். இப்போது பட்டறை ஓடுவதே அந்த ஒரு ஆர்டரில்தான். அதைத் தொடரலாமா என்று பார்க்க அவர்கள் அனுப்பிய அதிகாரி அம்மா, வாசலில் காரைவிட்டு இறங்கிக்கொண்டிருந்தார்.

தண்ணீரை மாற்றினாயா என்று அண்ணனைக் கேட்டேன்.

"மஞ்சளா இருந்தா அந்தம்மா என்ன நெனப்பாங்க? அதான் இப்போ குழாய்த் தண்ணி புடிச்சு ஊத்திட்டேன்" என்றான், என்னவோ கோட்டையைப் பிடித்துவிட்ட மாதிரி.

அடப்பாவி! குழாய்த் தண்ணீரில் குளோரின் அல்லவா இருக்கிறது! மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. ஒன்று சாய்ந்தே விட்டது. பட்டறையில் வேலை செய்கிற அத்தனை பேர் முகமும் கண்முன் வந்து போனது.

அந்த அம்மா உள்ளே வந்து தொட்டியைப் பார்த்தார். முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றது. அண்ணன் உளற ஆரம்பித்தான். மீன்களுக்கு உடம்பு சரியில்லையாம். இவனை வைத்துக்கொண்டு என்ன செய்ய? மீன்களை வலையால் அள்ளி வாளியில் போட்டுக்கொண்டு, நடந்ததை நடந்தபடி சொல்லிக்கொண்டே பின்பக்கம் ஓடினேன். இருவரும் பின்னாலேயே வந்தார்கள்.

சுத்திகரித்த மஞ்சள் தண்ணீர் நிற்கிற கடைசித் தொட்டியில் மீன்களை விட்டேன். குனிந்து பார்த்தோம். சாய்ந்த மீன் அப்படியே கிடந்தது. பிறகு செவுள் அசைந்தது. வால் ஒரு தடவை ஆடியது. மெல்ல நிமிர்ந்து நீந்தவும் தொடங்கியது. அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

அந்த அம்மாவின் பார்வை அண்ணன் மேல் இருந்தது.

"நான் வர்றேன்னு நீங்க மாத்துனது இது ஒண்ணு மட்டும்தானா?"

ஆமாம் என்று நான்தான் சொன்னேன். சத்தியமாக அதுதான் உண்மை. அந்த அம்மா இடத்தில் நான் இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.