இருபத்தெட்டு விவரங்கள்

மூன்றாவது வெட்டில் நர்சிசாவின் இடது கையில் இரண்டு விரல்கள் போயின. வெட்டியவன் ஃபாஸ்டோ, அவள் விட்டு ஓடிவந்த புருஷன். அவள் எங்கே குடியிருக்கிறாள் என்று அவனுக்குச் சொன்னவன் நான். வாயால் சொல்லவில்லை. நான் எழுதிய நிரல் சொன்னது.

குவாயாகில் நகரில் ஒரு மின் விநியோக நிறுவனத்தில் எனக்கு வேலை. பல்கலைக்கழகத்தை மூன்றாம் ஆண்டில் விட்டேன். நான்கு வருடம் இரவுப் பணி, சர்வர் அறையில் எந்த விளக்கு சிவப்பாகிறது என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. பிறகு எங்களில் ஆறு பேரைப் பகலுக்கு மாற்றி, வெப் சர்வீஸ் எழுதக் கற்றுக்கொடுக்க இஞ்சினியர் பாகெரிசோவை நியமித்தார்கள். மின்கட்டணத்தை மருந்துக்கடை, மளிகைக்கடை, பேருந்து நிலையம் என்று எங்கும் கட்டலாம் என்று நிறுவனம் விளம்பரம் செய்துவிட்டிருந்தது. அந்தக் கடைகளின் கணினிகள் எங்கள் கணினியோடு பேச வேண்டும்.

"காலையில என்செபொயாதோ மீன்சூப்புக் கடைக்குப் போறீங்க" என்றார் முதல் நாள். "ஜன்னல்ல நின்னு ஒரு கிண்ணம் கேக்குறீங்க, சூப்பு வருது. உள்ள மீனை யாரு வெட்டுனான், அடுப்பு கேஸா விறகா, உங்களுக்கு எதுக்கு? சர்வீஸும் அதேதான். ஜன்னல்ல என்ன கேக்கலாம், என்ன கிடைக்கும்னு எழுதி வெச்சா அது ஒப்பந்தம். வெளிய குடுத்துட்டா செத்தாலும் மாத்தக் கூடாது. அதை நம்பி நாலு பேரு நிரல் எழுதியிருப்பான்."

"மீன் நாறுனா, இஞ்சினியரே?" என்று கேட்டாள் எங்கள் ஆறு பேரில் ஒருத்தியான நர்சிசா.

"நாறுனாலும் கிண்ணம் அதே கிண்ணம்தான்மா."

எல்லாரும் சிரித்தோம். நர்சிசா என்னைவிட ஆறு வயது மூத்தவள். மூன்று வருடத்துக்கு முன் ஃபாஸ்டோ அவள் தாடையை உடைத்தான். கம்பி போட்ட வாயோடு மச்சாலாவிலிருந்து பேருந்து ஏறி வந்து, ஆற்றுக்கு அக்கரையில் துரானில் வீடு எடுத்திருந்தாள். எங்கே வேலை செய்கிறாள் என்று அவனுக்குத் தெரியாது. சிரித்தால் அவள் வாய் ஒரு பக்கம்தான் திறக்கும்.

வகுப்புப் பயிற்சி இதுதான்: அரசாங்க அடையாள அட்டையின் எண்ணைக் கொடுத்தால், வாடிக்கையாளர் பெயரும் கட்ட வேண்டிய தொகையும் திரும்ப வர வேண்டும். இரண்டே விவரம். நான் அட்டவணையில் இருந்த முழு வரிசையையும் அப்படியே தூக்கி அனுப்பினேன். இருபத்தெட்டு விவரங்கள். ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை.

நர்சிசா என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். "ஏன்டா க்ளேவர், வீட்டு முகவரி எல்லாம் எதுக்குடா போகுது?"

"கடைக்காரன் திரையில அது வராதுக்கா. ரெண்டுதான் தெரியும்."

"திரையில வராது. ஆனா அவன் மெஷினுக்கு வருதுல்ல?"

"அதை எவன் தோண்டிப் பாக்கப் போறான்? உனக்கு எல்லாத்துலயும் பயம்."

அவள் தன் இடத்துக்குப் போனாள். என்னுடையது முதலில் முடிந்தது. விளம்பரத் தேதி நெருங்கியதால் இஞ்சினியர் அதையே வெளியே விட்டார். ஒரு மாதத்தில் முப்பத்தொரு நிறுவனங்கள் அந்த ஜன்னலில் வரிசையில் நின்றன.

அந்தச் செவ்வாய்க்கிழமை நர்சிசா பல்வலி என்று விடுப்பு எடுத்திருந்தாள். எங்களுக்கு அன்று பாடம், யார் எப்போது என்ன கேட்டார்கள் என்ற பதிவுகளைப் படிப்பது. நான் சோம்பலாக உருட்டிக்கொண்டு வந்தேன். ஓர் அடையாள எண்ணில் விரல் நின்றது. நர்சிசாவின் எண். சோதனைக்கு நாங்கள் எங்கள் எண்களையேதான் போடுவோம், எல்லாருடையதும் எனக்கு மனப்பாடம். கேட்டது மச்சாலாவில் ஒரு மருந்துக்கடை. காலை ஆறு ஐம்பத்திரண்டுக்கு ஒரு முறை, ஐம்பத்து மூன்றுக்கு ஒரு முறை, ஏழு மணிக்கு ஒரு முறை. கட்டணம் எதுவும் கட்டவில்லை. கேட்டதோடு சரி.

ஃபாஸ்டோவின் தம்பி எடிசன் மச்சாலாவில் மருந்துக்கடை வைத்திருக்கிறான் என்று அவள் சொல்லியிருக்கிறாள். பெண்டாட்டியின் அட்டை எண் புருஷனுக்குத் தெரியாமலா இருக்கும்? மச்சாலாவிலிருந்து துரானுக்கு மூன்று மணி நேரம். சுவர்க் கடிகாரத்தில் பத்து மணி.

போன் போட்டேன். எடுக்கவில்லை. போலீசுக்குப் போட்டேன். முகவரி சொல்லுங்கள் என்றார்கள். திரையில் இருந்ததைப் படித்துச் சொன்னேன். ஃபாஸ்டோவும் அதைத்தான் படித்திருப்பான்.

பைக்கில் பாலத்தைக் கடந்து போய்ச் சேர்ந்தபோது கதவு கீல்களோடு தரையில் கிடந்தது. உள்ளே வாழைத்தோப்பு அரிவாளோடு ஃபாஸ்டோ நின்றான். நர்சிசா கேஸ் சிலிண்டரை இரண்டு கையாலும் முன்னால் பிடித்துச் சுவரோரம் ஒண்டியிருந்தாள். அவன் வெட்டினான், இரும்பில் பட்டது. மறுபடி வெட்டினான், இரும்பில் பட்டது. மூன்றாவதில்தான் விரல்கள் போயின. அவள் சிலிண்டரை அவன் பாதத்தின் மேல் போட்டாள். எலும்பு நொறுங்கும் சத்தம் வாசல் வரை கேட்டது.

அவன் குனிந்தான். நான் ஹெல்மெட்டைக் கழற்றிப் பின்மண்டையில் அடித்தேன். விழுந்தான். அரிவாளை உதைத்துத் தள்ளினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. முகத்தில் அடித்தேன். மூக்கு போனது, பல் போனது, ஹெல்மெட்டின் கண்ணாடி உடைந்து என் உள்ளங்கையில் ஏறியது.

"போதும்டா" என்றாள் நர்சிசா. பாத்திரம் துடைக்கும் துணியைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தாள். "செத்தா உன்னைத்தான் உள்ள போடுவாங்க. என் விரலத் தேடு."

தேடினேன். ஒன்று கிடைத்தது. டாக்டர்கள் அதைத் தைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் மருத்துவமனையில் அவள் கேட்டாள், "எப்படிக் கண்டுபிடிச்சான்?"

"நான் எழுதுன சர்வீஸ்லருந்து. முகவரி போச்சுல்ல, அது."

வலது கையால் அறைந்தாள். குளுக்கோஸ் குழாய் பிய்ந்து ரத்தம் என் சட்டையில் தெறித்தது. நர்ஸ் ஓடிவந்து என்னை வெளியே தள்ளப் பார்த்தாள். "இருக்கட்டும் விடுங்க, எனக்குப் பேசணும்" என்றாள் நர்சிசா. பிறகு என்னிடம், "அவனை உள்ள வெச்சிட்டாங்க. தம்பிக்காரன் வெளியதான இருக்கான். நம்பரும் அதுலருந்துதான் எடுத்திருப்பான், நேத்தே போன் போட்டான், என் அண்ணன் காலுக்கு உன் கழுத்துன்னு. வெள்ளிக்கிழமை வேற வீட்டுக்குப் போறேன். மீட்டர் என் பேர்லதான் வரும். அதுவும் அந்த ஜன்னல் வழியாப் போகுமா?"

"போகும்."

"அப்ப மூடுடா அதை."

இஞ்சினியரிடம் போனேன். முழுவதையும் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்தார். பாவம், கெட்டவர் இல்லை.

"ரெண்டாம் பதிப்பு போடலாம் க்ளேவர். ரெண்டே விவரம், சுத்தமா. ஆனா முப்பத்தோரு பேரும் மாறணும். மூணு மாசம் ஆகும்."

"வெள்ளிக்கிழமை, இஞ்சினியரே. அதுக்குள்ள முகவரிய எடுத்துர்றேன்."

"எடுத்தா ஒப்பந்தம் உடையும். முகவரி கட்டாயம்னு எழுதுனவன் நீதான். இல்லைன்னா அவங்க நிரல் பாதில நின்னுரும். ஊர் முழுக்க ஒருத்தனும் பில் கட்ட முடியாது. மொத்தமா நம்மளத் தொரத்துவாங்க."

"அந்த மருந்துக்கடையையாவது வெட்டி விடுங்க."

"வக்கீல் கடுதாசி இல்லாம வெட்ட முடியாதுடா."

அவர் சட்டைக் காலரைப் பிடித்துச் சுவரில் சாய்த்தேன். அவர் கண்ணாடி கீழே விழுந்து என் காலடியில் நொறுங்கியது. அவர் எதிர்க்கவில்லை. "அடி" என்றார். "அடிச்சுட்டும் இதேதான் சொல்லுவேன்."

விட்டுவிட்டேன். இடத்துக்கு வந்து ஒப்பந்தத்தைத் திறந்து படித்தேன். முகவரி கட்டாயம் வேண்டும், எழுத்துகளாக இருக்க வேண்டும், இருநூறு எழுத்துக்கு மிகக் கூடாது. யாருடைய முகவரி என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

நர்சிசாவுக்கு மட்டும் மாற்றினால் போதாது. ஓடிவந்த பெண் அவள் ஒருத்தி மட்டுமா? அதனால் எல்லாருக்கும் மாற்றினேன். எந்த எண்ணைக் கேட்டாலும் என் வீட்டு முகவரி போகும்படி எழுதினேன். குவாஸ்மோ தெற்கு, மூன்றாவது சந்து, பச்சைக் கதவு. வேறு யார் வீட்டைக் கொடுப்பது? வியாழக்கிழமை மதியம் வெளியே விட்டேன். ஊரில் மீட்டர் உள்ள அத்தனை பேரும் என் ஒற்றை அறை வீட்டில் குடியேறினார்கள்.

முப்பத்தொரு நிறுவனங்களில் ஒருவன்கூடப் புகார் சொல்லவில்லை. அந்த முகவரி யாருக்கும் தேவைப்பட்டதே இல்லை.

வெள்ளிக்கிழமை நர்சிசா வீடு மாறினாள். சாமான் ஏற்ற வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். எந்தப் பக்கம் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை மச்சாலாவிலிருந்து அவள் எண்ணைக் கேட்டார்கள். மதியம் பச்சைக் கதவைத் தட்டினார்கள். கதவுக்குப் பின்னால் ஓர் இரும்புக் குழாய் எடுத்து வைத்திருந்தேன். எடிசன் ஒல்லியாக, இஸ்திரி போட்ட சட்டையில், மருந்துக்கடைக்காரன் மாதிரியே இருந்தான். வலது கையில் துப்பாக்கி. அதைப் பார்த்ததும் குழாயைக் கீழே போட்டேன்.

"எங்கடா அவ?"

"இங்க இல்ல."

"இந்த வீடுதான்னு போட்டிருக்கு. நீ யாரு, புதுசாப் பிடிச்ச ஆளா?"

துப்பாக்கியின் கைப்பிடியால் வாயில் அடித்தான். இரண்டு பல் நாக்கில் உருண்டன. விழுந்ததும் விலாவில் மிதித்தான். கட்டிலைப் புரட்டினான், அலமாரியைக் கவிழ்த்தான், கழிவறைத் திரையைக் கிழித்தான். திரும்பி வந்து நான் போட்ட குழாயை எடுத்து என் முழங்காலில் இறக்கினான். கத்தினேன்.

"சொல்லு. எங்க போனா?"

"தெரியாது."

இன்னொரு அடி. "எந்தத் தெரு?"

"தெரியாதுடா."

அந்த நேரத்தில் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன். அது எனக்கு நன்றாகத் தெரியும். வலி அப்படி. ஆனால் என்னிடம் இல்லாததை அவனால் எடுக்க முடியவில்லை. அவன் ஒன்பது முறை கேட்டான். ஒன்பது முறையும் ஒரே பதில்தான் வந்தது.

சந்தில் பெண்கள் சட்டிகளைத் தட்டிக் கூச்சல் போட ஆரம்பித்தார்கள். யாரோ கல் எறிந்தார்கள். அவன் கூரையைப் பார்த்து ஒரு தடவை சுட்டுவிட்டுப் பைக்கில் ஏறிப் போனான்.

கொஞ்ச நேரம் தரையிலேயே கிடந்தேன். பிறகு தவழ்ந்து போய் மடிக்கணினியைத் திறந்தேன். பதிவுகளில் புதிதாக ஒரு வரி இருந்தது. கேட்டது வேறொரு கடை, வேறொரு ஊர். ஒரு பெண்ணின் எண், நான் அறியாதவள். நான்கு நிமிடத்தில் ஐந்து முறை கேட்டிருந்தார்கள், கட்டணம் கட்டவில்லை. ஐந்து முறையும் என் முகவரி போயிருந்தது.

பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, கதவுக்கு இரும்புத் தாழ்ப்பாள் வாங்கி வரச் சொன்னேன்.