எண்பத்தாறாவது பூத்தில் ஐந்து ஓட்டு

ஓட்டு எண்ணும் மேஜையில் இருந்த டீச்சரம்மா "எண்பத்தாறு" என்று சொல்லி இயந்திரத்தின் அரக்கு முத்திரையைக் காட்டியதும், ஜன்னல்காரர் நாற்காலியை விட்டு எழுந்து கம்பி வலையில் மூக்கை ஒட்டிக்கொண்டார். காலை எட்டு மணியிலிருந்து அவர் காத்திருந்தது இந்தப் பெட்டிக்குத்தான். மற்ற பூத்துகளில் அவருக்கு விழுந்ததையெல்லாம், மோட்டார் காயில் கட்டும் அளவுகளைக் குறித்து வைக்கும் பழைய நோட்டின் பின்பக்கத்தில் கடமைக்கு எழுதிக்கொண்டு வந்தார். இரண்டு, பதினொன்று, பூஜ்யம், நான்கு, பூஜ்யம். எண்பத்தாறு அப்படியல்ல. அது அவர் தெரு. முப்பது வருடமாக அவர் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் பார்க்கிற, அவரை முகம் பார்த்துப் பேசுகிற எண்ணூற்றுச் சொச்சம் பேருடைய பூத்.

அவரைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கட்சியின் சின்னம் ஜன்னல், இருபத்திரண்டு வருடமாக அவர்தான் கிளைச் செயலாளர், ஆகவே ஜன்னல்காரர். தாய்க்கட்சியிலிருந்து கோபித்துக்கொண்டு வெளியே வந்த தலைவரோடு வந்த முதல் நூறு பேரில் ஒருவர். அதற்குப் பிறகு தலைவர் ஒரு தேர்தலில் ஆளுங்கட்சியோடு சேர்ந்தார், அடுத்ததில் எதிர்க்கட்சியோடு சேர்ந்தார், அதற்கடுத்ததில் நேற்று வரை திட்டிய தேசியக் கட்சியோடு சேர்ந்தார். ஒவ்வொரு முறையும் அது ஏன் சரி என்று பட்டறைக்கு வந்தவர்களிடம் செம்புக் கம்பியைச் சுற்றியபடியே விளக்கியவர் இவர்தான். வந்தவர்களும் மோட்டார் கையில் கிடைக்கிற வரைக்கும் தலையை ஆட்டினார்கள். இந்த முறை யாருமே சேர்த்துக்கொள்ளாததால் தலைவர் தனித்து நின்றார். அதில் இந்தத் தொகுதியில் வேட்பாளராக நிற்கிற வாய்ப்பு நம்மவருக்கு விழுந்தது.

பந்தயம் போன வாரம், வாக்குப்பதிவு முடிந்து எண்ணிக்கைக்குக் காத்திருந்தபோது பிறந்தது. துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்த மனைவி, கையிலிருந்த போர்வையின் ஒரு முனையை அவரிடம் நீட்டியபடி ஆரம்பித்தாள்.

"ஏங்க, ஊர்ல எத்தனை விழுதோ விழட்டும். நம்ம தெரு பூத்துல நம்ம வீட்டு அஞ்சு ஓட்டு போக, வெளியில இருந்து ஒண்ணே ஒண்ணு விழுந்தா நீங்க சாகுற வரைக்கும் கட்சி நடத்துங்க. நான் வாயே திறக்க மாட்டேன். விழலைன்னா, பட்டறை வாசல்ல இருக்குற அந்தக் கட்சி போர்டைக் கழட்டிடணும். ராஜினாமா கடுதாசி எழுதிடணும்."

"ஒண்ணா? அம்பது விழும்டி."

"அப்ப என்ன, ஒத்துக்கோங்க."

ஒத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளைக் கட்சி தின்றுவிட்டது, வயதும் ஆகிறது என்றெல்லாம் அவளுக்குக் குறைகள் இருந்தன. ஆனால் அவளை உண்மையில் அரித்தது வேறு. மாவு மில்லில் வரிசையில் நின்றபோது முன்னால் நின்ற இரண்டு பெண்கள், "ஜன்னலைத் திறந்தா காத்துதான் வரும், ஓட்டா வரும்?" என்று சொல்லிச் சிரித்ததை அவள் கேட்டுவிட்டாள். அவள் அதை அவரிடம் சொல்லவில்லை. எப்போதும் சொல்ல மாட்டாள்.

டீச்சரம்மா பொத்தானை அழுத்தினார். இயந்திரம் 'பீப்' என்றது. ஒன்று, முன்னூற்று இருபது. இரண்டு, இருநூற்று எழுபத்தொன்று. மூன்று, நாற்பது. நான்கு, ஐந்து, ஆறு எல்லாம் பெயர் தெரியாத சுயேச்சைகள். ஏழாவது ஜன்னல்.

"ஏழு. ஐந்து."

காது சரியாகக் கேட்கவில்லையோ என்று பக்கத்தில் இருந்த ஆளுங்கட்சி ஏஜெண்டின் தாளை எட்டிப் பார்த்தார். அங்கேயும் ஐந்துதான். அந்த ஏஜெண்ட் நல்ல மனிதன், வாய்தான் சும்மா இருக்காது.

"அண்ணே, உங்க வீட்டுல எத்தனை ஓட்டு?"

"அஞ்சு. அப்பா, தம்பி, அவன் பொண்டாட்டி, நாங்க ரெண்டு பேர்."

"அப்ப கணக்கு சரியாப் போச்சு. குடும்பம் ஒத்துமையா இருக்குண்ணே, இந்தக் காலத்துல அதுவே பெரிய விஷயம்."

ஜன்னல்காரர் நோட்டை மூடிவிட்டார். மீதிச் சுற்றுகளுக்கு அவர் இருக்கவில்லை. ஒரு ஓட்டு. முப்பது வருடத்தில் எத்தனை தொட்டிக்குள் இறங்கியிருப்பார், எத்தனை வீட்டில் விடியற்காலையில் தண்ணீர் வரவில்லை என்று கதவைத் தட்டியபோது எழுந்து போயிருப்பார்! அத்தனை பேரில் ஒருவருக்குக்கூடக் கை தவறி ஏழாவது பொத்தானில் படவில்லை என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை. தோல்வி அவருக்குப் பழக்கம், டெபாசிட் போவதும் பழக்கம். தெரு கைவிட்டதுதான் புதிது.

வெளியே ஊரே பட்டாசுப் புகையில் இருந்தது. ஆளுங்கட்சி மண்ணைக் கவ்விவிட்டது, ஒன்பது கட்சிக் கூட்டணியோடு தாய்க்கட்சி வந்துவிட்டது. காலையில் "அலை எதுவும் இல்லை" என்று டிவியில் அடித்துப் பேசியவர்கள், மதியம் "இந்த அலையை நாங்கள் முன்பே கணித்தோம்" என்று கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜன்னல்காரருக்கு இதைப் பற்றி ஒரு சித்தாந்தம் உண்டு: மக்கள் யாரையும் ஜெயிக்க வைப்பதில்லை, ஒருத்தனைத் தோற்கடிக்கிறார்கள், அடிக்கக் கையில் எது கிடைக்கிறதோ அதுதான் ஜெயித்த கட்சி. பூரிக்கட்டை கிடைத்தால் பூரிக்கட்டை, துடைப்பம் கிடைத்தால் துடைப்பம். ஜன்னலைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்து எவன் அடிப்பான்? மற்ற நாளாக இருந்தால் இதை நாலு பேரிடம் சொல்லியிருப்பார். இன்று பஸ்ஸில் வாயை மூடிக்கொண்டு வந்தார். வழியில் ஒரு கடை டிவியில் அவருடைய தலைவர், "தனித்து நின்றோம், தன்மானம் காத்தோம்" என்று சொல்லியபடி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் வீடு. வார்னிஷ் வாசனையைத் தாண்டித்தான் யாரும் உள்ளே போக முடியும். உள்ளே அப்பா டிவி முன்னால் இருந்தார். தாய்க்கட்சி வந்ததில் அவருக்குப் பல் தெரிந்தது. மகன் வருவதைப் பார்த்ததும் போர்வையைச் சரிசெய்கிற சாக்கில் வாயை மூடிக்கொண்டார். மனைவி சமையலறை வாசலில் நின்றாள். அவர் ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார். பந்தயத்தில் ஜெயித்தவள் முகமாக அது இல்லை.

"விடுங்க. மொதல்ல சாப்பிடுங்க."

"சொன்ன சொல்லு சொல்லுதான்."

ஸ்டூலையும் ஸ்குரூடிரைவரையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். தகர போர்டு, நான்கு மூலையிலும் திருகாணி. முதல் திருகாணி சுலபமாக வந்துவிட்டது. இரண்டாவது துருப்பிடித்து அசைய மறுத்தது. அதோடு அவர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, கூரியர் ஆபீஸில் வேலை பார்க்கும் தம்பி மனைவி பஸ்ஸை விட்டு இறங்கி வந்தாள். மேலே பார்த்தாள். கைப்பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள்.

"மாமா, என்ன பண்றீங்க?"

"அஞ்சுதாம்மா விழுந்திருக்கு. நம்ம அஞ்சு. பந்தயம் போச்சு."

அவள் உள்ளே போகாமல் அங்கேயே நின்றாள்.

"மாமா, அதைக் கழட்டாதீங்க. அந்த அஞ்சுல என்னோடது இல்ல."

ஜன்னல்காரருக்கு முதலில் வந்தது கோபம்தான். கல்யாணமாகி வந்த புதிதில் அவள் பெயரை வாக்காளர் பட்டியலில் சேர்க்க மூன்று முறை ஆபீஸ் ஆபீஸாக அலைந்தவர் அவர்.

"அப்ப யாருக்கும்மா போட்ட?"

"ஆளுங்கட்சிக்கு. தினம் ரெண்டு பஸ் மாறிப் போறேன் மாமா. பொம்பளைங்களுக்கு டிக்கெட் வேணாம்னு விட்டது அவங்கதானே? உங்களுக்குப் போட்டா உங்க ஒருத்தருக்குச் சந்தோஷம். அவங்களுக்குப் போட்டா பஸ் ஓடும்னு நெனச்சேன்."

"அவங்களும் தோத்துட்டாங்களே?"

"அதான் மாமா, எனக்கு ரெண்டு பக்கமும் போச்சு" என்றாள், அழுகிற மாதிரி.

ஸ்குரூடிரைவரைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது. கோபத்தைவிட கணக்கு அவருக்கு வேகமாக வரும். ஐந்தில் இவளுடையது இல்லை. ஆனால் இயந்திரம் ஐந்து என்றுதான் காட்டியது. அவர் தன் இரண்டு கண்ணால் பார்த்தார்.

"அப்படின்னா ஒண்ணு வெளியில இருந்து வந்திருக்கு!" என்று ஸ்டூலின் மேல் நின்றபடியே கத்தினார். "ஏ, இங்க வா! வெளியில இருந்து ஒண்ணு வந்திருக்குடி!"

மனைவி ஓடி வந்தாள். பின்னாலேயே தம்பியும் வந்தான். துரோகம் செய்த தன் மனைவியின் தலையில் அண்ணன் கை வைத்து, "நீ நல்லா இருக்கணும்மா" என்று ஆசீர்வாதம் பண்ணிக்கொண்டிருப்பதைப் பார்த்ததும், ஒரு மாதமாக நெஞ்சில் கல்லைச் சுமந்துகொண்டிருந்த தம்பிக்குத் தைரியம் வந்துவிட்டது.

"அண்ணே, ஒண்ணு இல்ல. ரெண்டு."

"நீயுமாடா?"

"மேல ஒருத்தன், கீழ வேற ஒருத்தன் இருந்தா அஞ்சு வருஷமும் சண்டையிலயே போயிடுதுண்ணே. அதான் தேசியக் கட்சிக்கே போட்டேன். ஒரே கையா இருக்கட்டுமேன்னு."

"மடையா, அது தப்புடா. சொந்த ஊருக்குன்னு கேட்டு வாங்க ஒருத்தன் வேணாமா? நம்ம மாதிரி கட்சி எதுக்கு இருக்கு?" என்று அவர் ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திவிட்டு, ஸ்டூலிலிருந்து இறங்கித் தம்பியைக் கட்டிக்கொண்டார். "அதை அப்புறம் பேசலாம். ரெண்டு! ரெண்டு பேருடா!"

"மூணுன்னு வச்சுக்கோ" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்து நின்றார்.

"நான் போடலடா, கை போட்டுச்சு. உள்ள போறப்ப உனக்குப் போடணும்னு நெனச்சுக்கிட்டுதான் போனேன். அம்பது வருஷமா தாய்க்கட்சிக்கே போட்ட கையி. நான் ஏழாவதைத் தேடிக்கிட்டு இருக்கேன், அது ரெண்டாவதை அமுக்கிட்டு வந்துருச்சு."

"அப்பா, அந்தக் கையைக் கொடுங்க" என்று அவர் கிட்டே போய் அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பெற்ற பிள்ளைக்கு ஓட்டுப் போடாத தகப்பனை உலகத்தில் எந்த மகனும் இப்படிக் கொண்டாடியிருக்க மாட்டான். மனைவியைத் தவிர மற்ற நாலு பேரும் சிரித்தார்கள். அப்பா சிரித்துச் சிரித்து இருமினார். ஒருத்தருக்கும் பிடிக்காத கட்சி வைத்திருந்த மனிதரின் வாசலில், ஜெயித்த கட்சி ஆபீஸில்கூட இல்லாத கும்மாளமாக இருந்தது.

அப்போதுதான் அவருக்கு அது தோன்றியது. மனைவி பக்கம் திரும்பினார். இருபத்திரண்டு வருடமாக இந்த வீட்டில் ஜன்னலுக்கு நிரந்தர எதிர்க்கட்சி அவள்தான். "என் ஓட்டு மட்டும் உங்க கட்சிக்குக் கிடையாது" என்று அக்கம்பக்கத்துக்குக் கேட்கும்படி சொன்னவள். இந்த முறை தானே நின்றதால் அவளையும் ஐந்தில் சேர்த்துக்கொண்டாரே தவிர, இதைக் கேட்க இதுவரை அவருக்குத் துணிச்சல் வந்ததில்லை. இப்போது ஆசை துணிச்சலாக மாறிவிட்டது.

"நீ போட்டிருக்க மாட்ட. எனக்குத் தெரியும், நான் கோவிச்சுக்க மாட்டேன். அப்ப நாலு! என் ஒண்ணு போக நாலும் வெளி ஆளுங்க! சொல்லு, நாலுதானே?"

அவள் தலை குனிந்திருந்தாள். ஆமாம் என்று சொல்லியிருந்தால் போதும். அவர் தெருவில் இறங்கி ஆடியிருப்பார், அவளுடைய பிடிவாதத்துக்கும் பங்கம் வந்திருக்காது.

"நாலு இல்லீங்க" என்றாள். "மூணுதான்."

அவருக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. தம்பி மனைவிக்கு முதலிலேயே புரிந்துவிட்டது. அவள் புருஷனின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, மாமனாரையும் நகர்த்திக்கொண்டு உள்ளே போனாள்.

"வேற எதையாவது அமுக்கணும்னுதான் போனேன்" என்றாள் மனைவி. "ஏழாவதா உங்க போட்டோ ஒட்டியிருந்துச்சு. காலர் ஒரு பக்கம் மடங்கிக் கிடக்கு. நான் எங்கக்கா வீட்டுக்குப் போயிருந்தப்ப எடுத்துக் கொடுத்திருக்கீங்க. அத்தனை மூஞ்சிக்கு நடுவுல, யாராவது கூப்பிடுவாங்களான்னு நிக்கிற மாதிரி நின்னுக்கிட்டு இருந்தீங்க. எப்படிங்க அப்படியே விட்டுட்டு வர்றது?"

ஜன்னல்காரர் பொதுக்கூட்டத்தில் எழுதி வைக்காமல் முக்கால் மணி நேரம் பேசக்கூடியவர். இப்போது தன் காலரைத் தடவிச் சரிசெய்துகொண்டார். நான்கு மூன்றாகக் குறைந்ததில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று அவர் எந்தக் கணக்கிலும் படித்ததில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவளும் துடைத்துக்கொண்டாள். பந்தயத்தில் யார் தோற்றது என்று இருவருமே கேட்கவில்லை.

"வா, கொஞ்சம் நடந்துட்டு வரலாம்" என்றார்.

"எங்க?"

"சும்மா. தெருவுலதான்."

அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு கூட நடந்தாள். மருந்துக்கடைக்காரர் தலையாட்டினார், இவர் பதிலுக்கு இரண்டு கையையும் கூப்பினார். சென்ற மாதம் மோட்டார் சரியாக ஓடவில்லை என்று சண்டை போட்ட அடுக்குமாடிக் காவலாளியிடம், வலியப் போய் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். இஸ்திரி போடும் அம்மாவைப் பார்த்ததும் மனைவி முழங்கையால் இடித்து, "இவங்களா இருக்குமோ?" என்றாள். "இருக்கலாம்" என்றார். மாவு மில் வாசலில் நின்ற இரண்டு பெண்களைப் பார்த்து அவர் அதே மாதிரி கும்பிட்டபோது, அவள் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு, யார் கண்டது என்று நினைத்தாளோ என்னவோ, அவளும் லேசாகச் சிரித்து வைத்தாள். எண்ணூறு பேரில் மூன்று பேர். யார் என்று தெரியாத வரைக்கும் எண்ணூறு பேருமே அந்த மூன்று பேர்தான்.

தெருமுனையில் தாய்க்கட்சியின் வெற்றி ஊர்வலம் மேளத்தோடு திரும்பிக்கொண்டிருந்தது. இருவரும் ஓரமாக ஒதுங்கி நின்றார்கள். திறந்த வேனின் பின்பக்கம், இடுப்பில் அந்தக் கட்சித் துண்டைக் கட்டிக்கொண்டு வியர்க்க வியர்க்க ஆடிக்கொண்டிருந்த ஒரு தடித்த மனிதர், இவரைப் பார்த்ததும் ஆட்டத்தை நிறுத்தினார். சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு நெஞ்சுக்குப் பக்கத்தில், மற்றவர்களுக்குத் தெரியாத அளவுக்குக் கையைத் தூக்கி ஒரு சல்யூட் வைத்தார்.

"யாருங்க அவரு?" என்றாள்.

"தெரியலையே" என்றார் ஜன்னல்காரர். அவர் கையும் மேலே போயிருந்தது. வேன் திரும்பி, மேளச் சத்தம் அடுத்த தெருவுக்குப் போன பிறகும் அவர் அதைக் கீழே இறக்கவில்லை.