ஓட்டுநரை முந்தக் கூடாது

2019ஆம் ஆண்டு பிப்ரவரி 21ஆம் நாள், வியாழக்கிழமை மாலை, யாரபின் ஊர் மைதானத்தில் நடந்த இரண்டு கிலோமீட்டர் தகுதி ஓட்டத்தில் கிளென் ஷில்லிங் தோற்கவில்லை, தோற்கடிக்கப்பட்டார். தோற்கடித்தவர் அவருடைய உடன்பிறந்த தம்பி டேன். அன்று நிறுத்துக் கடிகாரத்தைக் கையில் பிடித்திருந்தவன் நான். எனவே இதைச் சொல்லும் கடமை எனக்கு உண்டு.

எங்கள் கால்பந்துக் கழகத்தின் அறிவிப்புப் பலகையில், “கிளென் ஷில்லிங்கை இரண்டாம் அணிக்கு மாற்ற முடிவெடுக்கப்பட்டது” என்று ஒரு தாளை ஒட்டியிருக்கிறார்கள். முடிவை எடுத்தவர் யார் என்று அத்தாளில் இல்லை. வாழ்நாள் முழுவதும் இவ்வூர்ப் பள்ளியில் பாடம் நடத்தியவன் நான். செய்தவன் பெயரை ஒளித்துக்கொள்ளும் வாக்கியத்தைக் கண்டால் எனக்கு அன்றும் சினம் வரும், இன்றும் வரும்.

கிளெனை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அறுவடை இயந்திரங்களைப் பழுதுபார்ப்பது அவர் தொழில். கையாலும் காலாலும் ஆடும் ஆஸ்திரேலியக் கால்பந்தில், எங்கள் அணியில் கோலுக்கு முன்னால் நிற்கும் கடைசித் தடுப்பாளர். முப்பத்து நான்கு வயது, தோள் அகலம், முழங்கால்கள் இரண்டும் அறுவைக் கத்தியைப் பார்த்தவை. சென்ற ஆண்டு ஆட்டங்கள் முடிந்ததும் காலணிகளைக் கொட்டகை ஆணியில் மாட்டிவிட்டு, “போதும்” என்று மனைவி நரேலிடம் சொன்னவர்தான் அவர். அக்டோபரில் தம்பி டேன் அடிலெய்டிலிருந்து ஊர் திரும்பினார். டேன் பதினேழு வயதிலேயே பெரிய அணிகளைத் தேடிப் புறப்பட்டவர். ஆகையால் அண்ணனும் தம்பியும் ஒரே அணியில் ஒருநாள்கூட ஆடியதில்லை. அந்த ஓர் ஆசைக்காகத்தான் கிளென் காலணிகளை ஆணியிலிருந்து எடுத்தார்.

சும்மா எடுக்கவில்லை. கோதுமை அறுவடைக் காலம் என்றால் எங்கள் பக்கத்தில் இயந்திரம் பழுதுபார்ப்பவனுக்குத் தூக்கமே கிடையாது. அந்தக் காலத்திலும் விடியுமுன் கால்வாய்க் கரையில் ஓடினார். என் வீட்டு வாசலைக் கடக்கும்போது முதலில் அவர் நாய் தெரியும், பிறகு அவர் மூச்சு கேட்கும், பிறகுதான் அவர் வருவார். நவம்பரில் அந்த மூச்சு துருத்தி ஊதுவதுபோல் இருந்தது. ஜனவரி முடிவில் நாயின் மூச்சுதான் கேட்டது.

புதிய பயிற்சியாளர் ட்ரெண்ட் ஹாலிகன் ஒரு விதி வைத்திருந்தார். பிப்ரவரி ஓட்டத்தை ஒன்பது நிமிடத்துக்குள் முடிக்காதவருக்கு முதல் அணியில் இடமில்லை. விதியில் எனக்குக் குறையில்லை. அளவுகோல் இருக்க வேண்டும். அது எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். எல்லாருக்கும் ஒன்று என்ற அந்த இரண்டாவது பாதியை அவர் எப்படிக் காப்பாற்றினார் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் கழகத்தில் நெடுநாளைய வழக்கம் ஒன்று உண்டு. பருத்த ஆட்டக்காரர்கள் தகுதி ஓட்டத்தில் தனித்தனியாக ஓட மாட்டார்கள். ஒருவர் பின் ஒருவராக வரிசையில் ஓடுவார்கள். அதற்குப் ‘பேருந்து’ என்று பெயர். முன்னால் ஓடுபவர் ஓட்டுநர். நன்றாக ஓடக்கூடிய ஒருவர் தம்முடைய நேரத்தைத் தியாகம் செய்து, பின்னால் வருபவர்களைக் குறித்த நேரத்துக்குள் கரைசேர்ப்பார். ஓட்டுநரின் நேரத்தை விதிக்குக் கணக்கெடுப்பதில்லை. கைக்கடிகாரம் அவருக்கு மட்டும்தான். மற்றவர்கள் தங்களுடையவற்றைக் கழற்றி என் மேசைமேல் வைத்துவிடுவார்கள். பருத்தவர்கள் கடிகாரத்தைப் பார்த்தால் அவசரப்பட்டுப் பாதியில் மூச்சு முட்டி நின்றுவிடுவார்கள் என்பதால் வந்த ஏற்பாடு அது. ஓட்டுநர் கடைசித் திருப்பத்துக்கு முன்னால், புள்ளிக்கணக்குப் பலகையருகே, ‘இறங்கு’ என்று சொல்வார். அதுவரை யாரும் அவரை முந்தக் கூடாது. முந்தியவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

இந்த ஆண்டு பேருந்தில் பயணிகள் இருவர்தாம்: கிளெனும், நடுவர் பந்தை மேலே எறியும்போது எகிறித் தட்டுகிற நெடியவன் டோபி நேஸ்மித்தும். ஓட்டுநராக வருகிறேன் என்று தாமாகவே முன்வந்தவர் டேன்.

“பெரிசு, பிரேக்கு, டயரு எல்லாம் பாத்துட்டியா? போற வழியில முட்டி கழண்டு விழுந்தா நான் குனிஞ்சு எடுக்க மாட்டேன்” என்றான் டோபி. அணியில் எல்லாரும் கிளெனைப் பெரிசு என்றுதான் அழைப்பார்கள்.

“நீ மொதல்ல வாய மூடிட்டு ஓடுறா. உள்ள போற ஈயெல்லாம் சேத்தா ராத்திரிச் சாப்பாடே வேணாம் உனக்கு.”

டேன் திரும்பிப் பார்த்தார். “ரெண்டு பேரும் கேட்டுக்குங்க. நான் எறங்குன்னு சொல்ற வரைக்கும் ஒருத்தனும் முன்னாடி வரக் கூடாது. நடுவுல வீரம் காட்டினா நான் பொறுப்பில்ல.”

“நீ ஓட்டு ராசா. நான் கண்ண மூடிக்கிட்டு வர்றேன்” என்றார் கிளென்.

தம் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் மேசைமேல் வைத்தபோது அவர் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். மகிழ்ச்சியாக இருந்தார். அதை நான் சொல்லியாக வேண்டும்.

மைதானத்தின் எல்லைக் கோட்டை நான்கு முறை சுற்ற வேண்டும். முதல் சுற்று முடிந்தபோதே எனக்கு நெருடியது. பேருந்து மெதுவாக வந்தது. முதல் சுற்றில் அடக்கி ஓடுவது உண்டு என்று சமாதானம் செய்துகொண்டேன். இரண்டாம் சுற்றில் இன்னும் மெதுவானது. சுற்று நேரத்தை யாரும் உரக்கச் சொல்லக் கூடாது என்று ஹாலிகன் கட்டளையிட்டிருந்தார். ‘உடம்புக்கே தெரியணும்’ என்பது அவர் கொள்கை. கட்டளையை மீறினேன். மேசையிலிருந்து எழுந்து எல்லைக் கோட்டுக்கே போய், “கிளென், நேரம் போதாது! முன்னால் போ!” என்று கத்தினேன்.

அவர் காதில் விழுந்தது. சிரித்தபடி கையை உயர்த்தினார். “டேன் ஓட்டுறான் சார்! அவனுக்குத் தெரியும்! நீங்க போய் நெழல்ல ஒக்காருங்க!”

இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னார். இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ பேர் அந்த இடத்தைக் கடந்து ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். மூன்றாம் சுற்றின் தொடக்கத்தில் முழு வாக்கியம் பேசுகிறவன் களைத்தவன் அல்லன். நெஞ்சில் காற்றை மிச்சம் வைத்துக்கொண்டு, தம்பியின் முதுகைப் பார்த்து அடங்கி ஓடிக்கொண்டிருந்தார் அந்த மனிதர். டேன் என் பக்கம் திரும்பவே இல்லை.

நான்காம் சுற்று. புள்ளிக்கணக்குப் பலகை வந்தது. ‘இறங்கு’ என்ற சொல் வரவில்லை. திருப்பமும் முடிந்து கடைசி நேர்கோட்டின் பாதியில்தான் வந்தது. அந்தச் சொல் கேட்டதும் கிளென் பாய்ந்த பாய்ச்சலை நான் மறக்க மாட்டேன். தம்பியைத் தாண்டி, ஓடி முடித்து எங்களுக்கு முன்னால் மூச்சிரைத்துக்கொண்டிருந்த இளைஞர் இருவரையும் தாண்டி, கோட்டைக் கடந்தார். கடந்த பிறகு குனியவில்லை, முழங்காலில் கை ஊன்றவில்லை, நேராக நின்று, “எவ்வளவு சார்?” என்று கேட்டார்.

சொன்னேன். ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஏழு விநாடி.

அவர் சிரித்தார். நான் விளையாடுகிறேன் என்று நினைத்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். பிறகு, தண்ணீர்த் தொட்டியருகே கடிகாரப் பட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்த தம்பியைப் பார்த்தார்.

டோபியும் நேரத்துக்குள் வரவில்லை. ஆனால் ஹாலிகன் அவன் முதுகில் தட்டி, “எகிறித் தட்டுறவனுக்கு வேற அளவுப்பா, நீ பாஸ்” என்று சொல்லிவிட்டார். அளவுகோலின் இரண்டாவது பாதி இப்படித்தான் காப்பாற்றப்பட்டது. கிளெனிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லும் சுமை கடிகாரத்தின்மேல் ஏற்றப்பட்டுவிட்டது.

தண்ணீர்த் தொட்டி என் மேசைக்கு எதிரிலேயே இருக்கிறது. அங்கே பேசியதை ஒட்டுக் கேட்டதாக யாரும் என்மேல் பழிபோட முடியாது.

“வாட்ச் நின்னு போச்சாடா?” என்று கேட்டார் கிளென். குரலில் கோபம் இல்லை. தம்பிக்குத் தப்பிக்க வழி ஒன்றைத் தாமே திறந்துவிட்டார். அதுதான் என்னை வருத்தியது.

டேன் பட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “வாட்ச் நல்லாத்தான் இருக்கு.”

“அப்ப கணக்கு தப்பாயிருச்சா?”

“இல்ல.”

“அப்ப?”

“ஹாலிகன் உன்ன எடுக்கப் போறதில்ல பெரிசு. ஜனவரியிலயே முடிவு பண்ணிட்டாரு. உன் எடத்துக்கு அடிலெய்டுலேருந்து ஒருத்தன் வர்றான். அவனுக்கு வீடு பாத்தாச்சு, வேலையும் பாத்தாச்சு. நீ இன்னிக்கி நேரத்துக்குள்ள வந்திருந்தா உன் மூஞ்சிக்கு நேரா வேணாம்னு சொல்லணும். ஊரே ரெண்டா நிக்கும். வாட்ச் சொன்னா யாருக்கும் கோவம் வராதுன்னுதான்…”

“இது அவரு யோசனையா, உன் யோசனையா?”

“சேந்துதான் பேசினோம்.”

“உனக்கு என்ன தரேன்னாரு?”

தண்ணீர் குடிக்க வந்த டோபி குவளையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான். “காலியா கெடக்குற கேப்டன் பதவியா? டேய், அதுக்கா?” என்றான்.

டேன் அவன் பக்கம் திரும்பாமல், “உனக்கு முட்டி போயிருச்சு பெரிசு. இன்னும் ஒரு வருஷம் ஆடினா நடக்கவே முடியாது. நரேலும் சந்தோஷப்படுவா” என்றார்.

“நரேல் பேர இழுக்காத” என்றார் கிளென். அப்போதுதான் அவர் குரல் மாறியது. “அக்டோபர்ல என் சமையக்கட்டுல ஒக்காந்து ரொட்டி தின்னுக்கிட்டிருந்தப்ப உன்னக் கேட்டேன்ல? விட்டுரட்டுமா, ஆடட்டுமான்னு. ஒரே ஒரு வருஷம், என்கூட ஆடுன்னு சொன்னது யாருடா? அன்னிக்கே வேணாம்னு சொல்லியிருந்தா நான் ஷூவ ஆணியிலேருந்து எடுத்திருக்கவே மாட்டேன். உன் வாயால கேட்டிருந்தா ஒரு நாள் வலிச்சிருக்கும், அவ்வளவுதான்.”

“உன் மூஞ்சியப் பாத்துச் சொல்ல முடியல.”

“அதனால நாலு சுத்தும் முதுகக் காட்டிக்கிட்டு ஓடினியா?”

டேன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கிளென் காத்திருந்தார். உண்மையாகவே காத்திருந்தார், நான் பார்த்தேன். கடைசியில் கிளென் என் மேசைக்கு வந்து தம் கைக்கடிகாரத்தை எடுத்துக்கொண்டார். உடைமாற்றும் அறைக்குப் பின்னால் பெண்கள் ‘சாசேஜ்’ என்னும் கொத்திறைச்சிக் குழல்களைச் சுட்டு ரொட்டியில் மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி இரண்டை நீட்டி, “தம்பிக்கும் சேத்து எடுத்துட்டுப் போ” என்றாள். ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு வண்டிக்குப் போனார்.

அக்டோபரில் டேன் மனமாரத்தான் அழைத்திருப்பார் என்று நான் நம்புகிறேன். அந்த நம்பிக்கை என் சினத்தைக் குறைக்கவில்லை, கூட்டுகிறது. எதிரி ஒருவன் மெதுவாக ஓட்டியிருந்தால் கிளென் முதல் சுற்றிலேயே கண்டுபிடித்திருப்பார். என் கூச்சலைக் கேட்டும் அவர் முந்தாததற்கு ஒரே காரணம், முன்னால் ஓடியவர் யார் என்பதுதான்.

மறுநாள் கழகத் தலைவர் மெர்வ் டாங்கினிடம் போனேன். ஓட்டத்தை மீண்டும் நடத்த வேண்டும் என்றேன். கிளெனைத் தனியாக ஓடவிட்டால் போதும் என்றேன்.

“சார், வாட்ச் யாரோடது? உங்களோடது. நிறுத்தின கை யாரோடது? உங்களோடது” என்றார் மெர்வ். “நீங்க சொன்ன நேரத்த வச்சுத்தான நாங்க தாள ஒட்டியிருக்கோம்? இப்ப நீங்களே செல்லாதுன்னா எப்படி?”

“நேரம் சரி, ஓட்டம் பொய்” என்றேன்.

“அண்ணன் தம்பி விவகாரம் சார். நாம நடுவுல பூந்தா நல்லா இருக்காது. கிளெனே வந்து கேட்டா அப்பப் பாக்கலாம்.”

கிளெனிடம் போனேன். ஓர் அறுவடை இயந்திரத்தின் அடியில் படுத்திருந்தார். கால்கள் மட்டும் தெரிந்தன. “தம்பிமேல புகார் குடுக்க நான் வர மாட்டேன் சார்” என்று உள்ளிருந்தே சொன்னார். “நான் இன்னும் வேகமா ஓடியிருக்கலாம். எனக்குத் தெரிஞ்சுது. உடம்புக்குத் தெரிஞ்சுது. ஆனா அவன முந்திட்டுப் போனா, அவன நம்பலன்னு ஆயிருமேன்னு…” அதற்குமேல் இரும்பைத் தட்டும் ஓசைதான் கேட்டது.

அந்த வாரமே டேன் ஷில்லிங் அணித்தலைவராக அறிவிக்கப்பட்டார். வாழ்த்திக் கைதட்டினார்கள். ஓட்டுநரை முந்தக் கூடாது என்ற வழக்கம் பயணியைக் கட்டுப்படுத்துகிறது. ஓட்டுநரைக் கட்டுப்படுத்துவது அவருடைய மனச்சான்று ஒன்றே. அதை விற்றுவிட்டவரைத் தண்டிக்கக் கழகச் சட்டத்தில் விதி இல்லை. எனவே, ஊராரே, உங்களிடம் வருகிறேன்.

ஏப்ரல் ஆறாம் நாள் சனிக்கிழமை, நம் மைதானத்தில் முதல் ஆட்டம். வழக்கம்போல் வண்டிகளை வேலியை ஒட்டி நிறுத்திவிட்டு உள்ளேயே அமர்ந்திருப்பீர்கள். டேன் ஷில்லிங் அணிக்கு முன்னால், எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, ஓடி வருவார். அணித்தலைவர் களமிறங்கும்போது சுற்றியுள்ள வண்டிகளெல்லாம் ஒலியெழுப்பி வரவேற்பது நம் ஊர் மரியாதை. அந்த மரியாதை அவருக்கு உரியதன்று. அன்று அவர் காலடி ஓசை அவருக்கே கேட்க வேண்டும். ஒலிப்பானிலிருந்து கையை எடுங்கள்.